மாதிரிக் கப்பலின் தளத்துக்கு மர நிறம்: பிரைமரிலிருந்து கடைசி மேட் பூச்சு வரை

புதிதாகக் கப்பல் மாதிரி கட்டுகிறவர்கள் தளத்துக்கென்று கலந்து வைக்கும் நிறத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அது வீட்டு அலுமாரியின் நிறமாகத்தான் இருக்கும். சிவப்போடிய மண்ணிறம், கூடவே கொஞ்சம் மினுக்கம். தேக்கு என்றதும் மனதில் வருவது அதுதான். ஆனால் அலுமாரி நிழலில் நிற்கிறது, அதற்கு வார்னிஷ் அடித்திருக்கிறது. போர்க்கப்பலின் தளத்துத் தேக்கு வார்னிஷ் இல்லாமல் வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடந்தது. ஆட்கள் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். சிவப்பெல்லாம் போய், வைக்கோல் நிறத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் எங்கோ நின்றது அதன் நிறம். சந்தேகம் இருந்தால் திருகோணமலைக் கடற்கரையில் வர்ணம் உரிந்து கிடக்கும் பழைய மர வள்ளம் ஒன்றின் பலகையை மத்தியான வெயிலில் போய்ப் பாருங்கள். அதில் சிவப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி 1/350, 1/700 அளவுப் பிளாஸ்டிக் கிட்டுகளுக்கானது. 1817-ல் பம்பாயில் தேக்கில் கட்டி இறக்கிய, நம்மூர்ப் பெயர் கொண்ட திரிகோணமலி போர்க்கப்பலைச் செய்ய வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். அதை மரக் கீற்றுகளால் கட்டுவதாக இருந்தால் அது வேறு வேலை. இங்கே பேசப்போவது மரமே இல்லாத இடத்தில் மரத்தைக் காட்டுவது பற்றி.

ஒட்டும் மரத் தளத் தாள்களும் கடையில் கிடைக்கின்றன. 1/350-க்கு அவை பரவாயில்லை. 1/700-ல் தடிப்பாகத் தெரியும், நம்மூர் ஈரப்பதத்தில் ஓரங்கள் கிளம்பவும் பார்க்கும். பெயின்ட் அடித்த தளம் அப்படிக் கிளம்பாது.

1. பெயின்டைத் திறக்கும் முன்: எந்தக் கப்பல், எந்த ஆண்டு

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் கட்டும் கப்பலின் தளம் அந்த ஆண்டில் மரமாகத் தெரிந்ததா என்பது. மரம் இருந்திருக்கலாம், அதன் மேல் பெயின்ட் அடித்திருக்கலாம். பசிபிக் போரில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பலவற்றின் தேக்குத் தளங்கள் கருநீலமாக இருந்தன, மேலேயிருந்து பார்க்கும் விமானத்துக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. போர் முடிந்த பிறகு அதே கப்பல்களில் பெயின்டைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டுவந்தார்கள். ஆக, கப்பலின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. ஆண்டையும் தீர்மானியுங்கள்.

நம்மூர்த் துறைமுகத்தோடு சம்பந்தப்பட்ட கப்பல்களைக் கட்ட நினைப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1942 ஏப்ரல் 9-ல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ், 1944-ல் இங்கே நின்ற இலஸ்ட்ரியஸ் இரண்டும் விமானந்தாங்கிகள். இரண்டுக்கும் ஓடுதளம் உருக்கு, மரமில்லை. அதே 1944-ல் இங்கே வந்த அமெரிக்க சரட்டோகாவுக்கு ஓடுதளம் மரம், ஆனால் நீலச் சாயம் ஏற்றியது. திருகோணமலையைத் தாக்க வந்த ஜப்பானிய அகாகிக்கும் மர ஓடுதளம்தான். அமெரிக்க ஓடுதளங்களில் பலகைகள் கப்பலுக்குக் குறுக்காக ஓடும், ஜப்பானிய ஓடுதளங்களில் நீளவாக்கில் ஓடும். கிட்டில் கோடு எந்தப் பக்கம் பொறித்திருக்கிறது என்று பார்த்து, அதையே பின்பற்றுங்கள். குயீன் எலிசபெத், வாலியன்ட், ரினௌன் போன்ற பெரிய போர்க்கப்பல்களுக்கு உங்கள் ஆண்டின் படங்களைத் தேடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தளத்தைப் பக்கத்தில் இருக்கும் பீரங்கிக் கோபுரத்தின் உச்சியோடு ஒப்பிடுங்கள். காய்ந்த வெறும் மரம் சாம்பல் பெயின்டைவிட வெளிச்சமாகவே தெரியும். தளம் நனைந்திருந்தால் மட்டும் ஏமாறுவீர்கள். நிழல்கள் கூர்மையாக விழுந்த, வெயில் நேரத்துப் படமாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், எது மரம் இல்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நங்கூரச் சங்கிலி ஓடும் அணியப் பகுதி (கப்பலின் முன்முனை) பல கப்பல்களில் உருக்குத் தகடுதான். தளத்தின் விளிம்பை ஒட்டி ஓடும் ஒடுங்கிய பட்டை, அலைத்தடுப்பு, ஹட்ச் (தளத்திலிருந்து கீழே இறங்கும் வாசல்) விளிம்புகள், கயிறு கட்டும் முளைகளின் அடித்தகடு, இவையும் உருக்கு. இவற்றைக் குறிக்காமல் தொடங்கினால் வாஷ் (பலகைக் கோடுகளுக்குள் ஓடவிடும் நீர்த்த வர்ணம்) அடித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வரும். அப்போது மேலே சாம்பல் அடித்தால் அந்தப் பாகம் மட்டும் புதிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

அடிநிறத்துக்கு டாமியா அக்ரிலிக்: எக்ஸ்எஃப்-55 டெக் டான், எக்ஸ்எஃப்-78 வுடன் டெக் டான், எக்ஸ்எஃப்-2 வெள்ளை, எக்ஸ்எஃப்-59 டெசர்ட் யெல்லோ, எக்ஸ்எஃப்-52 ஃப்ளாட் ஏர்த். பிரஷ் வேலைக்குத் தண்ணீரில் கரையும் வலேஹோ போன்ற அக்ரிலிக்கில் டெக் டான், பஃப், கொஞ்சம் இளஞ்சாம்பல். வாஷுக்கு ஓவியர்கள் பாவிக்கும் எண்ணெய் வர்ணக் குழாயில் ரோ அம்பர், பேர்ன்ட் அம்பர், வெள்ளை. பளபளப்புக்கு எக்ஸ்-22, கடைசிப் பூச்சுக்கு ஏதாவது நல்ல மேட் (மினுக்கமில்லாத பூச்சு). எயார்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் கருவி), மாஸ்கிங் டேப், புதிய பிளேடு, முனை கூரான 0 இலக்கப் பிரஷ், பஞ்சுக்குச்சி.

மாதிரிப் பெயின்ட் நம்மூரில் கடைக்குப் போய் எடுக்கிற சாமான் இல்லை. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர வேண்டும். தீப்பற்றும் தின்னரையும் ஸ்பிரே டின்னையும் விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள், அதனால் அவற்றை உள்நாட்டிலேயே தேடி முதலில் வாங்கி வையுங்கள். தளம் பாதி முடிந்த நிலையில் தின்னர் தீர்ந்துபோவதுதான் ஆட்களை ஹாட்வெயார் பக்கம் தள்ளுகிறது, அங்கேதான் கிட் பாழாகிறது.

ஹாட்வெயாரில் விற்கும் என்.சி. தின்னர் பொலிஸ்டிரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். எயார்பிரஷைக் கழுவ அது நல்லது, பெயின்டில் கலக்க ஆகாது. மண்ணெண்ணெயும் வேண்டாம். எண்ணெய் வர்ணத்தை அது கரைக்கத்தான் செய்கிறது, ஆனால் பிசுபிசுப்பை விட்டுப் போகும், அதன் மேல் அடிக்கும் மேட் பூச்சு பிடிக்காது. வைட் ஸ்பிரிட்டை மட்டும் பாவியுங்கள்.

3. எதை ஒட்டுவது, எதைத் தனியே வைப்பது

தளத்தின் மேல் வரும் எதையும் இப்போது ஒட்டாதீர்கள். மேற்கட்டுமானம், பீரங்கிகள், படகுகள், கிரேன்கள் எல்லாம் தனியே. சுவர் ஒட்டியிருந்தால் அதன் அடியில் இருக்கும் பலகைக்கு டேப்பும் போகாது, பிரஷும் போகாது. வாஷைத் துடைக்கவும் முடியாது, மூலையில் கறுப்பாகத் தேங்கி நிற்கும்.

தளமே இரண்டு மூன்று துண்டாக வரும் கிட் என்றால் கதை வேறு. துண்டுகள் சேரும் இடம் ஒரு சுவருக்கோ அலைத்தடுப்புக்கோ கீழே மறைந்தால் தனித்தனியே பெயின்ட் அடிக்கலாம். வெட்டவெளியில் சேர்ந்தால் முதலில் ஒட்டி, நிரப்பி, தேய்த்துவிடுங்கள். தேய்க்கும்போது பலகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் பிரைமரில் தெரியாது, வாஷ் பட்டதும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அழிந்துபோன கோடுகளை இரும்பு ஸ்கேல் வைத்து, ஊசி முனையால் இலேசாக மறுபடி இழுங்கள். ஒரே அழுத்தில் ஆழம் தேட வேண்டாம், இரண்டு மூன்று தடவை மெல்ல இழுத்தால் கோடு வழுக்காது.

ஒட்டிப் பார்க்காமலேயே பாகங்களைப் பொருத்திப் பார்ப்பதும் இப்போதுதான். தளம் உடலுக்குள் இறுக்கமாக இறங்கினால், பெயின்டின் தடிப்பு சேர்ந்த பிறகு இன்னும் இறுகும். ஓரத்தை இப்போதே கொஞ்சம் தேய்த்து வையுங்கள்.

4. கழுவல், பிரைமர்

பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வார்ப்பின் எண்ணெய் கோடுகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். கழுவிய பிறகு விளிம்பில் மட்டும் பிடியுங்கள், நம்மூர் வேர்வைக்கு விரல் பட்ட இடமெல்லாம் அடையாளம்தான்.

பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு, வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை. கறுப்புப் பிரைமர் மேல் வெளிர் நிறம் ஏற்ற நாலைந்து பூச்சு வேண்டும், அதற்குள் பலகைக் கோடுகள் நிரம்பிவிடும். 1/700 தளத்தின் கோடு பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் அளவுதான். அது நிரம்பிப் போனால் பின்னால் எந்த வாஷும் அதைத் திருப்பித் தராது. கை நீட்டிய தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய தூவல் போதும். பிளாஸ்டிக்கின் நிறம் அங்கங்கே கொஞ்சம் தெரிந்தாலும் பாதகமில்லை.

5. அடிநிறம்: வேண்டியதைவிட வெளிச்சமாக

முழு வேலையிலும் ஒன்றை மட்டும் மனதில் வைத்திருப்பதாக இருந்தால் இதை வையுங்கள். அடிநிறத்துக்குப் பிறகு நீங்கள் செய்யும் கிட்டத்தட்ட எல்லாமே தளத்தை இருட்டாக்கும். பலகை வேறுபாடு இருட்டாக்கும், வாஷ் இன்னும் கூட்டும். அதனால் கடைசியில் வேண்டிய நிறத்தை இப்போதே அடித்தால் முடிவில் அது சொக்லேட் நிறத்தில் வந்து நிற்கும். படத்தில் பார்க்கும் நிறத்தைவிட இரண்டு படி வெளிச்சமாகத் தொடங்குங்கள்.

எனக்குப் பிடித்த கலவை: எக்ஸ்எஃப்-55 இரண்டு பங்கு, எக்ஸ்எஃப்-78 ஒரு பங்கு, வெள்ளை அரைப் பங்கு. 55 சாம்பல் கலந்த வெளிர் நிறம், 78 மஞ்சள் சூடு கொண்டது. 78-ஐ மட்டும் அடித்தால் புதிதாக இழைத்த பலகை மாதிரி இருக்கும். கட்டி முடித்து முதல் தடவை கடலுக்குப் போகும் கப்பல் என்றால் சரி, வருடக்கணக்கில் வெப்பக் கடலில் நின்ற கப்பலுக்குப் பொருந்தாது. கலவையை ஒரு சிறு போத்தலில் தேவைக்கு மேலேயே செய்து, மூடி வையுங்கள். அடுத்த நிறங்கள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கப் போகின்றன, நடுவில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது.

ஒரு பங்கு பெயின்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு எக்ஸ்-20ஏ தின்னர், அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. அளவில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அக்ரிலிக் காற்றிலேயே காய்ந்து தளத்தில் மணல் மாதிரிப் படியும், ஊசி முனையிலும் கட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் தின்னரைக் கொஞ்சம் கூட்டி, சில துளி ரிட்டார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) சேர்த்து, விடியற்காலையில் அடியுங்கள். காற்றில் பறக்கும் புழுதியும் அந்த நேரத்தில் குறைவு. ஐப்பசி தொடங்கி மழைக் காலத்தில் பிரச்சினை தலைகீழ். பெயின்ட் தொடக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். டேப் ஒட்டுவதற்கு முன் ஒரு முழு நாளாவது விடுங்கள்.

நிறத்தை மஞ்சள் குண்டு பல்பின் கீழ் தீர்மானிக்காதீர்கள். விறாந்தைக்குக் கொண்டுபோய், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பாருங்கள்.

6. பலகைக்குப் பலகை வேறுபாடு

தளம் மரமாகத் தெரிவதும் மண்ணிறப் பிளாஸ்டிக்காகத் தெரிவதும் இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது. அவசரப்படுகிறவர்கள் இதைத்தான் தாண்டிப் போவார்கள், பொறுமைசாலிகள் இதில்தான் அளவு மீறுவார்கள்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நிஜப் பலகை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால் 1/350-ல் அது 0.3 மி.மீ., 1/700-ல் 0.15 மி.மீ. கூட வராது. கிட் தயாரிப்பவர்கள் அதைவிட அகலமாகவே பொறிக்கிறார்கள், நாமும் கிட்டின் கோட்டைப் பின்பற்றுகிறோம். அகலத்தில் ஏற்கெனவே மிகை இருக்கிறது, நிறத்திலும் மிகை சேர்ந்தால் தளம் பாய் பின்னியது மாதிரி ஆகிவிடும். நீளத்தில் 7 மீட்டர்ப் பலகை ஒன்று 1/350-ல் 2 சென்டிமீட்டர், 1/700-ல் 1 சென்டிமீட்டர். அணியத்திலிருந்து கடைசி வரை ஒரே பலகை ஓடுவதாகப் பெயின்ட் அடிப்பது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. அவ்வளவு நீளத்துக்குப் பலகை கிடையாது.

பலகையின் தலைப்புகள் அடியில் இருக்கும் தளவிட்டத்தின் மேல்தான் சந்திக்கும். பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் ஒரே விட்டத்தில் முடிந்தால் அந்த இடம் பலவீனமாகும் என்பதால், தச்சர்கள் தலைப்புகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். மூன்று அல்லது நான்கு பலகை தாண்டித்தான் அதே விட்டத்தில் இன்னொரு தலைப்பு வரும். கிட்டில் தலைப்புக் கோடு பொறித்திருந்தால் அதை மதியுங்கள், ஒரு நிறம் ஒரு தலைப்பில் தொடங்கி அடுத்த தலைப்பில் முடிய வேண்டும். பொறிக்காத கிட் என்றால் இந்த ஒழுங்கை நீங்களே மனதில் வைத்து அடியுங்கள்.

நிறங்கள் மூன்று போதும், எல்லாம் அடிநிறப் போத்தலிலிருந்து:

முதலாவது, அடிநிறத்தோடு கொஞ்சம் டெசர்ட் யெல்லோ. இரண்டாவது, அடிநிறத்தோடு சில துளி ஃப்ளாட் ஏர்த். மூன்றாவது, அடிநிறத்தோடு இளஞ்சாம்பல். மூன்றையும் வெள்ளை அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் தொட்டு வைத்து, கை நீட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே கண்ணில் குத்தினால் கூடிவிட்டது. தேடினால் தெரிய வேண்டும், அந்த அளவுதான்.

1/350-க்கு டேப் முறை. மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, புதிய பிளேடால் கிட்டின் பலகை அகலத்துக்கே கீற்றுகளாக வெட்டுங்கள். கண்ணாடியில் ஒருக்கா ஒட்டி எடுத்தால் பசையின் வேகமும் கொஞ்சம் குறையும், அடிநிறத்தைப் பிய்க்காது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலகைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக மூடுங்கள். இவை அடிநிறமாகவே தங்கும். இப்போது முதல் நிறத்தை, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தின்னர் கலந்து, மூடுபனி போலத் தூவுங்கள். மூடுவது நோக்கமில்லை, சாயல் ஏறினால் போதும். காய்ந்ததும் பழைய டேப்பை எடுக்காமல் இன்னொரு மூன்றில் ஒரு பங்கை மூடி, இரண்டாவது நிறத்தைத் தூவுங்கள். இப்படி வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போவதால் டேப் ஓரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் அது பக்கத்துப் பலகையின் நிழல் மாதிரிப் போய்விடும். தலைகீழாகச் செய்தால் கசிவு பளிச்சென்று தெரியும்.

பெரிய போர்க்கப்பலின் தளத்தை ஒரே இருப்பில் முடிக்கப் பார்க்க வேண்டாம். பீரங்கிக் கோபுரம், அலைத்தடுப்பு போன்ற இயல்பான எல்லைகளில் பிரித்து, பகுதி பகுதியாகப் போங்கள். டேப்பை எடுக்கும்போது பலகையின் திசையில், தளத்தோடு படிந்தாற்போல் பின்னோக்கி மடித்து இழுங்கள்.

1/700-க்கு பிரஷ் முறை. இந்த அளவில் டேப் வெட்டுவது கண்ணுக்குக் கேடு. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைப் பால் போல நீர்த்து, ஒரே இழுப்பில் பலகை நீளத்துக்குப் போங்கள். இதற்கு டாமியாவைப் பாவிக்காதீர்கள். டாமியா மேல் டாமியாவைப் பிரஷால் அடித்தால் தின்னர் கீழ்ப் பூச்சையும் கரைத்து இழுத்து வரும். பிரஷ் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: சின்ன வேலைக்கு 000 வேண்டும் என்று. அதன் முனை தளத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். முனை நன்றாகக் கூடும் 0 பிரஷ் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், கோடும் அதே மெல்லிசாகத்தான் வரும். ஏற்றிய பெயின்டை டிஷ்யூவில் ஒருக்கா தொட்டு எடுத்துவிட்டு இழுங்கள். இழுத்த கோட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். பாதி காய்ந்த நிலையில் பிரஷ் பட்டால் அடிவரை சுரண்டும்.

இரண்டு முறைக்கும் பொதுவான கஷ்டம் ஒன்று: கை தன்னையறியாமல் ஒழுங்கு தேடும். மூன்றுக்கு ஒரு பலகை, மூன்றுக்கு ஒரு பலகை என்று போய், தூரத்திலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகை. இதைத் தவிர்க்கத் தளத்தின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிசையாக வர வேண்டாம். நடுவில் நாலு, ஓரத்தில் இரண்டு, மறு பக்கத்தில் மூன்று என்று தாவுங்கள். இடையிடையே தளத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வேலை செய்யுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு பலகை பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அதை விடுங்கள், நிஜத்திலும் அப்படி வரும்.

முடிந்ததும் கைபேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தனிப் பலகைகள் துள்ளிக்கொண்டு தெரிந்தால் அடிநிறத்தை மிக மெல்லியதாக நீர்த்து முழுத் தளத்தின் மேலும் ஒரு தூவல் கொடுங்கள். எல்லாம் ஒரு படி அடங்கும். கூடிவிட்டதைக் குறைக்க இதைவிட இலகுவான வழி கிடையாது. கூடாமல் குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள், வாஷ் அதைக் கொஞ்சம் தூக்கும்.

7. இரும்புப் பாகங்களுக்குச் சாம்பல்

பலர் இதை வாஷுக்குப் பிறகு செய்கிறார்கள். முன்னாலேயே செய்வதற்குக் காரணம் இருக்கிறது: முளையும் ஹட்சும் தளத்தோடு சேரும் அடியில் வாஷ் ஓடி ஒரு மெல்லிய நிழற்கோடு விழும். அந்த நிழல்தான் அவை தளத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாகக் காட்டுகிறது. அதோடு, சாம்பல் அடிக்கும்போது பிரஷ் விளிம்பு கொஞ்சம் தடுமாறினாலும் அந்தக் கோடு மறைத்துவிடும்.

சாம்பலைத் தண்ணீர் அக்ரிலிக்கில் இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். முளையின் உச்சியில் தொடங்கிப் பெயின்டைக் கீழே வழிய விட்டால் அடி விளிம்பை அதுவே போய்த் தொடும். தளத்தின் மேல் வழிந்ததை ஈரமான பல்லுக்குத்தியால் உடனே சுரண்டி எடுக்கலாம். விளிம்புப் பட்டைக்கு மட்டும் டேப் ஒட்டுங்கள்.

8. பளபளப்புப் பூச்சு

எக்ஸ்-22-ஐ நன்கு நீர்த்து, முதலில் காய்ந்த தூவல், பிறகு ஈரமான ஒரு பூச்சு. மேட் பெயின்டின் முகம் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பானது. வாஷ் அதில் பட்ட இடத்திலேயே ஊறிக் கறையாகும். பளபளப்பு மேல் பட்டால் வழுக்கி ஓடிக் கோட்டுக்குள் போய் நிற்கும், மேலே மிஞ்சியதைத் துடைக்கவும் முடியும்.

லாக்கர் ஸ்பிரே டின் பாவிப்பவர்கள் மழை நாளில் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் பூச்சுக்குள் அகப்பட்டு வெண்புகை படர்ந்தது போலாகும். வெயில் வரும் வரை காத்திருக்க நேரமில்லாதவர்கள் எயார்பிரஷில் அக்ரிலிக் பளபளப்பே அடிக்கட்டும். எதை அடித்தாலும் இரண்டு நாள் காய விடுங்கள். தளத்தின் அடிப்பக்கத்தையும் வெட்டு விளிம்புகளையும் இதே பூச்சால் மூடுவது நல்லது. எண்ணெய் வர்ணத் தின்னர் வெறும் பிளாஸ்டிக்கில் ஊறினால், இழுவிசை உள்ள இடத்தில் வெடிப்பு விழும்.

9. வாஷ்

பலகைகளுக்கு இடையே கலப்பத்து அடித்து (நார் அடைத்து)க் கீல் ஊற்றிய இடுக்கு நிஜத்தில் கறுப்பு. அதனால் வாஷும் கறுப்பு என்று நினைக்கிறார்கள். அந்த இடுக்கு சில மில்லிமீட்டர் அகலம்தான். 1/350-ல் கண்ணுக்கே தெரியாது. கிட்டின் கோடு அதைவிடப் பல மடங்கு அகலம். அவ்வளவு அகலத்தில் கறுப்பு ஓடினால் தளம் கொப்பித் தாள் ஆகிவிடும். ரோ அம்பர் இரண்டு பங்கு, பேர்ன்ட் அம்பர் ஒரு பங்கு, வெள்ளை ஒரு பொட்டு. இந்த வெள்ளைதான் அதை மண்ணிறச் சாம்பலாக்கும்.

எண்ணெய் வர்ணத்தைக் குழாயிலிருந்து நேரே எடுக்காமல், ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். வர்ணம் கெதியாகவும் மினுக்கமில்லாமலும் காயும். பிறகு வைட் ஸ்பிரிட்டில் தேத்தண்ணீர் நிறம் வரும் வரை கரையுங்கள்.

தளத்தை ஒரு சாண் பகுதியாகப் பிரித்து எடுங்கள். பிரஷால் கோட்டைத் தொட்டால் அதுவே ஓடும். முளை, ஹட்ச் அடிகளையும் தொடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் விட்டு, மினுக்கம் மங்கியதும் துடைக்கத் தொடங்குங்கள். துடைக்கும் திசை முக்கியம்: பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, டிஷ்யூவில் கிட்டத்தட்ட உலரும் வரை ஒற்றிவிட்டு, பலகைக்குக் குறுக்கே உருட்டுங்கள். நீளவாக்கில் துடைத்தால் பஞ்சு கோட்டுக்குள் இறங்கி வாஷை வெளியே இழுத்துவிடும். குறுக்கே போனால் மேடு மட்டும் சுத்தமாகும். கடைசியாக, காய்ந்த தட்டைப் பிரஷை நீளவாக்கில் ஒரு முறை தடவினால் துடைத்த தடம் மரத்தின் ரேகை மாதிரி மாறும்.

துடைத்தும் கறை நிற்கிறது என்றால் கீழே பளபளப்பு சரியாக விழவில்லை. அழுத்தித் தேய்க்காதீர்கள். அந்தக் கறையைப் பக்கத்துப் பலகைகளோடு சேர்த்து மெல்லப் பரப்பி, எண்ணெய்க் கறையாகவே ஆக்கிவிடுங்கள். பீரங்கிக் கோபுரத்துக்குக் கிட்ட என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

10. வெயிலும் பாவனையும்

இந்தக் கட்டம் கட்டாயமில்லை. தளத்தில் வெள்ளையும் ரோ அம்பரும் சிறு சிறு புள்ளிகளாக வைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் பலகை நீளத்துக்கு இழுத்துக் கரைத்தால் சாயல்கள் மிக மெதுவாக மாறும். திறந்த வெளியில் வெள்ளைப் புள்ளிகள் கூடுதலாக, மேற்கட்டுமானத்தின் நிழலில் அம்பர் கூடுதலாக. வெயில் படாத இடத்தில் மரம் அவ்வளவு வெளுக்காது.

துருவைத் தளமெங்கும் ஓட விடாதீர்கள். போர்க்கப்பலில் ஆட்களுக்கு இருந்த முதல் வேலையே தளத்தைக் கழுவுவது. சங்கிலி ஓடும் தகட்டில் கொஞ்சம் துரு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் பார்த்த அளவில் முதல் கப்பலைக் கட்டும் தம்பிமார் யாரும் இந்த இடத்தில் கையை அடக்குவதில்லை.

11. மேட் பூச்சு, பிறகு ஒட்டுதல்

எண்ணெய் வர்ணம் உண்மையிலேயே காய்ந்த பிறகுதான் மேட். கச்சான் காலத்தில் மூன்று நாள், மழைக் காலத்தில் ஒரு வாரம் வையுங்கள். மேட் போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் தங்கும் தூள்தான் மினுக்கத்தைக் கொல்கிறது. குலுக்காமல் அடித்தால் பாதி மினுக்கம், அடித்தூளோடு அடித்தால் வெண்படலம். மெல்லியதாக இரண்டு பூச்சு. மேட் விழுந்ததும் தளம் ஒரு படி வெளுத்து, வேறுபாடுகளும் அடங்கினாற்போல் தெரியும். அதனால் பளபளப்பு நிலையில் பார்த்துவிட்டு, கூடிப்போயிற்று என்று பதறிப் போய் எதையும் திருத்தாதீர்கள்.

மேற்கட்டுமானத்துக்குத் தனியே சாம்பல் அடித்து, காய்ந்த பிறகு இறக்குங்கள். ஒட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டால் பிளாஸ்டிக் பசை சரியாகப் பிடிக்கும். சிறு பாகங்களுக்கு சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி மேட் தளத்தில் வெள்ளையாகப் படியும், மழைக் கால ஈரத்தில் இன்னும் மோசம். படகுத் தாங்கி, காற்றுக் குழாய் போன்றவற்றுக்கு வெள்ளை மரப்பசை போதும். பிதுங்கினால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம், காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். சுவரும் தளமும் சேரும் இடத்தில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அதே பசையை நீர்த்துப் பிரஷால் ஓட விட்டு, காய்ந்ததும் மிச்சம் வைத்த அம்பர் வாஷை அந்த மூலையில் மட்டும் ஒரு தொடு தொடுங்கள்.